ஹெட்லி தோர்ன் மேஜையைக் காலி செய்த கதை

ஹெட்லி தோர்ன் வீட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய ஓக் மர மேஜை ஒன்று இருந்தது. இருந்தது என்று சொல்வதுகூட ஒரு நம்பிக்கையில்தான். அதைக் கண்ணால் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகிறது. மேஜைமேல் நாற்பத்தோரு ஷூ டப்பாக்கள். டப்பாக்களுக்குள் சீட்டுகள். சீட்டுக்கு ஒரு சொல், அல்லது ஒரு எழுத்துச் சுருக்கம், அல்லது ஒரு மரபுத்தொடர். அது எங்கே பிறந்தது, எந்த வருஷம் பிறந்தது, இன்று அதை யார் யார் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரம். கடைசி விவரத்துக்கு இடம் போதாமல் பல சீட்டுகளின் முதுகிலும் எழுத வேண்டியிருந்தது.

ஹெட்லி முப்பத்துநாலு வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். விக்கர்ஸ்டன் ஊரில் கறிக்கடைத் தராசு ஒரு அவுன்ஸ் பொய் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். மதுக்கடையில் நுரையைக் கழித்துவிட்டு பீர் கோப்பையின் அளவுக் கோட்டைத் தொடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஓய்வு பெற்ற அன்று தராசுகளைத் திருப்பிக் கொடுத்தார். கண்ணைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து ஊரார் பேசுவதை நிறுக்க ஆரம்பித்தார்.

பக்கத்துத் தெரு மிஸஸ் ஆல்ட்ரிட்ஜ் தன் கணவரை அடக்கம் செய்த அன்று, மலர் வளையத்தில் ‘சாந்தியடைக’ என்பதற்காக இருந்த ஆர்.ஐ.பி.யைச் சுட்டிக்காட்டி, “இது இங்கிலீஷ் இல்லம்மா, லத்தீன். இங்கிலீஷுக்கும் அதே எழுத்து பொருந்தி வந்தது தற்செயல்” என்று துக்கம் விசாரித்தவர் அவர். கல்யாணப் பத்திரிகையில், வருவீர்களா என்று பதில் கேட்டு, ‘தயவுசெய்து ஆர்.எஸ்.வி.பி.’ என்று அச்சிட்டிருந்தால், அந்த பிரெஞ்சுச் சுருக்கத்துக்குள்ளேயே தயவுசெய்து இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று பதில் எழுதுவார். கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடுவதும் கூப்பிடாததும் அதற்கப்புறம் அவர்கள் முடிவு. பெரும்பாலும் அவர்கள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

வீட்டுக்குள் ‘ஓகே’ என்ற சொல்லுக்குத் தடை. 1839ஆம் வருஷம் பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் விளையாட்டாக ‘ஆல் கரெக்ட்’ என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதி, அந்தப் பிழையின் முதல் எழுத்துகளை எடுத்துச் செய்தது அது. ஓர் அமெரிக்கக் கிண்டலைத் தன் கூரைக்குக் கீழே அனுமதிக்க முடியாது என்று ஹெட்லி அறிவித்துவிட்டார். ஆகவே அவர் மனைவி மேவிஸ் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றே சொல்லிப் பழகிவிட்டாள்.

சமையலறையில் மேஜை போட இடமில்லை. இரண்டு முக்காலி போடலாம். அதில் உட்கார்ந்து, தட்டை முழங்கால்மேல் வைத்து, பதினோரு வருஷமாக இருவரும் சாப்பிட்டு வந்தார்கள். பட்டாணி பரிமாறிய நாட்களில் தரையிலும் பாதி சாப்பாடு இருக்கும்.

ஹெட்லியின் கையெழுத்து மறுநாள் ஹெட்லிக்கே புரியாது. ஆகவே அவர் சொல்வார், மேவிஸ் மடிக்கணினியில் தட்டி அச்செடுத்துக் கத்தரித்துக் கொடுப்பாள். பன்னிரண்டாயிரம் சீட்டுகளையும் தட்டியவள் அவள். தட்டியவள் படித்தும் இருப்பாள் என்பது ஹெட்லிக்குத் தோன்றியதே இல்லை.

2013 செப்டம்பர் கடைசியில் ஒரு காலை, தொலைபேசியை வைத்துவிட்டு மேவிஸ் சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றாள்.

“ஏங்க, பெரில் வரா.”

“எந்த பெரில்?”

“எனக்கு எத்தனை பெரில் இருக்கா? என் அக்கா. கனடாவுலேருந்து. பதிமூணு வருஷம் கழிச்சு வரா.”

“வரட்டுமே. நான் என்ன கதவையா சாத்தி வச்சிருக்கேன்?”

“அவ, அவ வீட்டுக்காரர், ரெண்டு பொண்ணு, ரெண்டு மாப்பிள்ளை. ஆறு பேர். டிசம்பர் பதினஞ்சு, ஞாயித்துக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு நம்ம வீடு. நம்ம ரெண்டு பேரையும் சேத்து எட்டு. மேஜையும் எட்டுப் பேருக்கு.”

ஹெட்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “எந்த மேஜை?”

“உங்க முழங்கை எதுமேல இருக்கோ, அது.”

“மேவிஸ், இது மேஜை இல்ல. இது ஒரு ஒழுங்கு. ஒரு டப்பா நகந்தாப் போதும், ‘பி’ எல்லாம் ‘டி’ கூட போய் உக்காந்துரும். அப்புறம் பிரிச்சு அடுக்க எனக்கு ஆயுசு பத்தாது.”

“மாடியில ஒரு அறை சும்மாத்தானே கிடக்கு?”

“மாடி ஈரம். சீட்டு வளைஞ்சுரும்.”

“அப்ப பெரிலை எங்க உக்கார வைக்கறது?”

“சமையலறையில ரெண்டு ரெண்டு பேரா உக்காரட்டும். கனடாக்காரங்கதானே? காட்டுல கூடாரம் போட்டுத் தங்கறவங்க. முக்காலி அவங்களுக்கு அரண்மனை.”

மேவிஸ் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, “சரி” என்றாள்.

ஹெட்லி திருப்தியாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். கல்யாணம் ஆன எந்த மனிதனும் அந்தச் சரியைக் கேட்டால் நாற்காலியை விட்டு எழுந்து, முதலில் வாசலைப் பார்த்து, பிறகு மன்னிப்புக் கேட்டிருப்பான். ஹெட்லிக்குப் பன்னிரண்டாயிரம் சொற்களின் பிறப்பு வளர்ப்பு தெரியும். வீட்டில் தினமும் புழங்குகிற இந்த ஒரு சொல்லுக்கு அவரிடம் சீட்டு இல்லை.

பத்து நாள் கழித்து தேவாலயக் கூடத்தின் வாசலில் இளைஞர் சங்கம் ஒரு சுவரொட்டி ஒட்டியது. ‘ஓ.எம்.ஜி! அறுவடை விருந்து! எல்லோரும் வாருங்கள்!’ ஹெட்லி ரொட்டி வாங்கப் போனவர், ரொட்டி வாங்காமல் திரும்பி வந்தார்.

“மேவிஸ், மடிக்கணினியைத் திற. ‘எக்கோ’வுக்குக் கடிதம்.”

விக்கர்ஸ்டன் எக்கோ வெள்ளிக்கிழமைதோறும் வரும். அதில் ஊர் முழுக்கப் படிக்கிற பகுதி வாசகர் கடிதம். மேவிஸ் தட்டினாள். ஹெட்லி அறைக்குள் நடந்தபடி சொன்னார். ‘ஓ மை காட்’ என்று கடவுளை அழைக்கக்கூட மூன்று சொல் பேச நேரமில்லாத தலைமுறை ஒன்று கைப்பேசியோடு பிறந்திருக்கிறது; ‘ஓ.எம்.ஜி.’ அந்தக் கைப்பேசி ஈன்ற குட்டி. கைப்பேசிக்கு முன்னால் மானமுள்ள எந்த ஆங்கிலேயனும் அதை எழுதியதில்லை, எழுதியிருக்கவும் மாட்டான். இப்படிக்கு ஹெட்லி தோர்ன், மில் சந்து.

“கடைசி வரி கொஞ்சம் அதிகமோ?” என்றாள் மேவிஸ்.

“எது?”

“‘எந்த ஆங்கிலேயனும்’னு சொல்லிட்டீங்களே. எல்லாரையும் விசாரிச்சீங்களா?”

“என்கிட்ட பன்னிரண்டு தொகுதி அகராதி இருக்கு. அதுல இல்ல.”

அகராதி இருந்தது உண்மைதான். 1933இல் அச்சான பன்னிரண்டு தொகுதிகள். ஊர் நூலகம் கணினிகளுக்கு இடம் பண்ணுவதற்காக அவற்றை வெளியே தள்ளியபோது ஹெட்லி தள்ளுவண்டி கொண்டுபோய் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து நூலகத்தின் வாசற்படி மிதிப்பதில்லை என்று சபதம். மேவிஸ் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் அங்கே சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறாள். அங்கே என்ன நடக்கிறது என்று அவர் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை.

கடிதம் வெளியானது. அடுத்த வெள்ளிக்கிழமை அதற்கு ஒரு பதிலும் வெளியானது.

‘திரு. தோர்ன் சொல்வது சரியாகவே இருக்கலாம். அவர் சொன்னதெல்லாம் சரி என்பது ஊரறிந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம். ஒன்று தன் வீட்டில் இல்லை என்பதால் அது உலகத்திலேயே இல்லை என்று ஆகிவிடுமா? இப்படிக்கு, சந்தேகப் பிராணி. பெயரும் முகவரியும் ஆசிரியரிடம் உள்ளன.’

அக்கம்பக்கத்துக்குப் பயந்தவர்கள் இப்படிப் பெயரை மறைத்துக்கொண்டு எழுதுவது எக்கோவில் பழைய வழக்கம். அடுத்த வீட்டு வேலியைப் பற்றியோ நாயைப் பற்றியோ வருகிற புகாரில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

ஹெட்லி அதை மூன்று தடவை வாசித்தார். அவர் முகம் பத்து வருஷம் இளமையானது. “மேவிஸ்! எனக்கு ஒரு எதிராளி கிடைச்சுட்டான்!”

“அப்படியா? யாராம்?”

“பேரு போடல. கோழை. ஆனா எழுதத் தெரிஞ்ச கோழை. காற்புள்ளி எங்க வைக்கணும்னு தெரிஞ்சிருக்கு. நிச்சயம் ஆம்பளை.”

“எப்படிச் சொல்றீங்க?”

“இந்தப் பிடிவாதத்தைப் பாரு. ஒரு பொம்பளைக்கு வருமா?”

“எங்கேருந்து வரும்” என்றாள் மேவிஸ். “டீ ஆறுது, குடிங்க.”

அதிலிருந்து வாராவாரம் யுத்தம் நடந்தது. ஒரு வெள்ளி ஹெட்லி. மறு வெள்ளி சந்தேகப் பிராணி. ஹெட்லி எஸ்.ஓ.எஸ். என்பதற்கு விரிவே கிடையாது, தந்தியில் தட்டுவதற்கும் கேட்பதற்கும் எளிது என்று தேர்ந்தெடுத்த அடையாளம் அது, ‘எங்கள் ஆன்மாவைக் காப்பாற்று’ என்பதெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்தது என்று எழுதினார். பிராணி அதை முழு மனதோடு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டுவிட்டு, ‘அப்படியானால் பிற்பாடு வந்ததென்று நாம் நினைப்பது சில சமயம் முன்னாடியே வந்திருக்கவும் கூடும் அல்லவா?’ என்று கேட்டது. மரியாதையாகக் குத்துகிற அந்த எழுத்து ஹெட்லியைத் தூங்கவிடவில்லை. ஆனால் அவர் சந்தோஷமாக இருந்தார். அறுவடை விருந்துக்குக்கூடப் போய் எல்லோரிடமும் தன் கடிதத்தைப் படித்தீர்களா என்று கேட்டார். எல்லோரும் படித்திருந்தார்கள். எல்லோரும் ஏனோ மேவிஸைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நவம்பர் நடுவில் பிராணி எழுதியது: ‘திரு. தோர்ன் தம் கட்சியில் அவ்வளவு உறுதியாக இருந்தால், அதன்மேல் எதையாவது பணயம் வைக்க அவருக்குத் தைரியம் உண்டா?’

“தைரியமா! எனக்கா!” ஹெட்லி மடிக்கணினிக்குப் பின்னால் போய் நின்றார். “எழுது மேவிஸ். கைப்பேசி வர்றதுக்கு முன்னாடி மானமுள்ள ஒரு ஆங்கிலேயன் ஓ.எம்.ஜி.ன்னு எழுதினதுக்கு ஒரே ஒரு ஆதாரம் காட்டட்டும். காட்டிட்டா என் தொப்பியையே திங்கறேன்.”

மேவிஸ் விரலை எடுத்தாள். “தொப்பியா?”

“ஏன், அதுக்கென்ன?”

“இல்ல, எல்லாரும் தொப்பியைத்தான் சொல்றாங்க. ஒருத்தராவது தின்னு நான் பார்த்ததில்ல. படிக்கறவங்க ‘தோர்னும் இப்படித்தானா’ன்னு நினைப்பாங்க. உயிரா நினைக்கற எதையாவது வச்சாத்தான் அது பணயம்.”

ஹெட்லி யோசித்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். “எனக்கு உயிருன்னா இந்த மேஜைதான்.”

“ஐயோ! மேஜை வேண்டாங்க!”

“ஏன் வேண்டாம்?”

“தோத்துட்டீங்கன்னா?”

“யாரு தோக்கறது? நானா? எழுது! ஆதாரம் காட்டினா நாற்பத்தோரு டப்பாவையும் காலி பண்ணி, அதே மேஜையில அந்தப் பிராணிக்கு ஞாயித்துக்கிழமைச் சாப்பாடு போடறேன்.”

மேவிஸ் தட்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள். “போடறேன்னு நீங்க சொல்லுவீங்க. அடுப்புகிட்ட நிக்கறது நான். அப்ப பணயம் உங்களுதா, என்னுதா?”

“அட, நானே சமைக்கிறேன்னு போடு! என் சொந்தக் கையால!”

“பரிமாறறது?”

“அதுவும் நான்தான்! தேதியை அவனே குறிக்கட்டும்! இன்னும் என்ன வேணும்?”

“போதும்” என்றாள் மேவிஸ். பதினோரு வருஷத்தில் அவள் எதையும் அவ்வளவு வேகமாகத் தட்டியதில்லை. வாசித்துக் காட்டினாள், ஹெட்லி தலையாட்டினார், அவர் மனசு மாறுவதற்குள் அனுப்பியும் விட்டாள்.

அடுத்த வாரம் பதில் வரவில்லை. ஹெட்லி மதுக்கடையில் தன் செலவில் இரண்டு பேருக்கு பீர் வாங்கிக் கொடுத்தார். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கக்கூட மறந்துவிட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வந்தது.

‘1917ஆம் ஆண்டு செப்டம்பர் 9. ஓய்வு பெற்ற ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஒருவர் ஓர் அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறார். புதிதாக ஒரு வீரப் பட்டம் வரப்போகிறதாம் என்று சொல்லிவிட்டு, உடனே ‘ஓ.எம்.ஜி.’ என்று போடுகிறார். அமைச்சருக்குப் புரியாமல் போய்விடக் கூடாதே என்று பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் ‘ஓ! மை காட்!’ என்று விரித்தும் எழுதுகிறார். அவரிடம் கைப்பேசி இல்லை. வயது எழுபத்தாறு. கடிதம் இரண்டு வருஷத்தில் அச்சாகியும் விட்டது. திரு. தோர்ன் சொன்ன சொல் தவறாதவர் என்று அறிவேன். டிசம்பர் 15, ஞாயிறு, ஒரு மணிக்கு வருகிறேன். மாட்டிறைச்சி நடுவில் கொஞ்சம் சிவப்பாக இருந்தால் பிடிக்கும்.’

ஹெட்லியின் கையில் இருந்த டோஸ்ட் மேஜையில் விழ இடமில்லாமல் தரையில் விழுந்தது.

“பொய்” என்றார். “இட்டுக்கட்டினது.”

“பாத்துரலாமே” என்றாள் மேவிஸ். “நூலக அட்டை நம்பரைப் போட்டா, இன்னைய தேதி அகராதியை வீட்டுலேருந்தே பார்க்கலாங்க. காசு கிடையாது.”

“எப்பலேருந்து?”

“ரொம்ப வருஷமா இருக்கே.”

“நீ ஏன் எனக்குச் சொல்லல?”

“நீங்க எப்பக் கேட்டீங்க?”

அவள் எண்ணைத் தட்டினாள். திரையில் வந்தது. தளபதி, அமைச்சர், 1917, எல்லாம் எழுத்துக்கு எழுத்து இருந்தது. அந்தச் சொல்லை அகராதிக்காரர்கள் இரண்டு வருஷம் முன்பே சேர்த்திருந்தார்கள். ஹெட்லியின் பன்னிரண்டு தொகுதிகள் 1933ஐத் தாண்டாமல் அலமாரியில் கம்பீரமாக நின்றன.

அவர் மறுபடி ஒருமுறை படித்தார். உண்மையாகவே வலித்தது. எழுபத்தொரு வயதில், ஊர் முழுக்கப் பார்க்க, மண்டையில் ஒரு குட்டு. ஆனால் ஹெட்லி தோர்ன் வீம்புக்காரர்தானே தவிர அயோக்கியர் இல்லை. தராசு தப்பென்றால், கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதன்மேல் இருக்கிற அரசு முத்திரையை அழித்துவிட்டுத்தான் வெளியே வருவார். முப்பத்துநாலு வருஷம் ஊரார் தராசுக்குச் செய்ததை இப்போது தன் தராசுக்குச் செய்ய வேண்டும். அந்தப் பிராணிமேல் கோபத்தோடு கொஞ்சம் மதிப்பும் வந்தது. தன் வாழ்நாளில் தன்னைத் திருத்திய முதல் ஆள்.

“மேவிஸ், டப்பாவை மாடிக்குக் கொண்டு போகணும்.”

“மாடி ஈரமாச்சே.”

“கணப்பு போட்டா ஈரம் போயிரும்.” திடீரென்று நிமிர்ந்தார். “பதினஞ்சாந் தேதி பெரில் வர்ற நாளாச்சே!”

“அட, ஆமாம்! பாருங்களேன்” என்றாள் மேவிஸ். “பரவாயில்ல விடுங்க. அவங்களோட ஒரு ஆளு.”

“பெரில் வீட்டுல ஆறு, நீ ஒண்ணு, பிராணி ஒண்ணு. எட்டு நாற்காலி முடிஞ்சுது. எனக்கு?”

“நீங்கதான் பரிமாறணுமே. பரிமாறறவருக்கு நாற்காலி எதுக்கு?”

கணக்கு சரியாக இருந்தது. அதுதான் ஹெட்லிக்கு எரிச்சலாக இருந்தது.

நாற்பத்தோரு டப்பாக்களை மாடிக்கு ஏற்ற மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் மேஜை வெளிப்பட்டது. அதன் நடுவில் ஒரு வட்டக் கறை. பதினோரு வருஷத்துக்கு முந்தைய கோப்பை ஒன்று வைத்தது. மேவிஸ் மெழுகு போட்டுத் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே மெதுவாக எதையோ பாடினாள். அவள் பாடி எத்தனை நாளாகிறது என்று ஹெட்லிக்கு ஞாபகம் வரவில்லை. அது அவர் மனசை லேசாக உறுத்தியது.

ஆனால் அதைவிடப் பெரிய உறுத்தல், யார் இந்தப் பிராணி என்பது. மறுநாள் காலை மில் சந்தில் கில்பர்ட் பூத்தை வழிமறித்தார். கில்பர்ட் ஓய்வு பெற்ற பூகோள வாத்தியார். வீட்டில் நிறையப் புத்தகம் வைத்திருந்தார். அந்த ஒரு சாட்சியம் போதும் என்று ஹெட்லி முடிவு கட்டியிருந்தார்.

“கில்பர்ட், மறைக்காதே. சந்தேகப் பிராணி நீதானே?”

கில்பர்ட் தன் நாயைப் பார்த்தார், பிறகு ஹெட்லியைப் பார்த்தார். “நானா? எக்கோல நான் படிக்கறதே இரங்கல் பக்கம் மட்டுந்தான்பா. அதுல என் பேரு இல்லன்னா அன்னைக்குப் பொழுது ஓடும்.”

“அப்ப யாரு?”

“உனக்கு நெசமாவே தெரியாதா?”

“தெரிஞ்சா உன்கிட்ட ஏன் கேக்கறேன்?”

“ஊருக்கே தெரியுமேப்பா!”

“யாரு, சொல்லு!”

கில்பர்ட் வாயைத் திறந்தார். ஏதோ ஞாபகம் வந்தவர்போல மூடிக்கொண்டார். “வேண்டாம் ஹெட்லி. எனக்கு நூலகத்துல இன்னும் ரெண்டு புத்தகம் வர வேண்டியிருக்கு. நான் எதுக்கு வம்புல மாட்டிக்கணும்?” நாயை இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார். நூலகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று ஹெட்லி வீடு வரைக்கும் யோசித்தார். ஒன்றும் புலப்படவில்லை.

பதினைந்தாம் தேதி விடியும்போதே ஹெட்லி அடுப்படியில் இருந்தார். மேவிஸின் பூப்போட்ட ஏப்ரன் அவர் வயிற்றைப் பாதிதான் மறைத்தது. மேவிஸ் முக்காலியில் உட்கார்ந்து வார்த்தையால் மட்டும் உதவி செய்தாள்.

“கிழங்குக்கு உப்பு போட்டீங்களா?”

“போட்டேன்.”

“இறைச்சியோட வைக்கற புட்டிங்குக்கு மாவு ஊத்தறப்ப எண்ணெய் புகையணும்.”

“புகையுது.”

“அது எண்ணெய் இல்ல. துணி.”

பன்னிரண்டரைக்கு பெரில் குடும்பம் வந்து இறங்கியது. பெரில் வாசலிலேயே தங்கையைக் கட்டிக்கொண்டாள். பிறகு சாப்பாட்டு அறைக்குள் எட்டிப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

“மேவிஸ்! மேஜை!”

“ஆமாக்கா.”

“நம்மம்மா உனக்குச் சீதனமாக் கொடுத்தது! உன் வீட்டுக்காரர் வித்துட்டார்னு நினைச்சேனேடி!”

“அம்மா மேஜையை விக்க விடுவேனா?” என்றாள் மேவிஸ். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. ஹெட்லி கரண்டியோடு பின்னால் நின்றார். அது மேவிஸ் அம்மாவின் மேஜை என்பதை அவர் மறந்தே போயிருந்தார்.

வெள்ளை விரிப்பு, எட்டுத் தட்டு, எட்டு நாற்காலி. மேஜையின் தலைமாட்டில் இருந்த கை வைத்த நாற்காலி விருந்தாளிக்கு. அதன் முன்னால் ஹெட்லியே ஓர் அட்டையில் ‘சந்தேகப் பிராணி’ என்று எழுதி நிறுத்தியிருந்தார். எல்லோருக்கும் புரிகிற கையெழுத்தில் எழுத அவர் மூன்று அட்டை வீணடித்தார். தோற்றவன் மரியாதையாகத் தோற்க வேண்டும் என்பது அவர் கட்சி. என்ன பேச வேண்டும் என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். ‘ஐயா, நீங்கள் என் தராசைத் திருத்தினீர்கள்.’

ஒரு மணி அடித்தது. பெரில் வீட்டார் ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். தலைமாட்டு நாற்காலி காலி. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மேவிஸின் நாற்காலியும் காலி. ஹெட்லி மாட்டிறைச்சியைக் கொண்டுவந்து வைத்தார். கிழங்கை வைத்தார். புட்டிங் உப்பியிருந்தது, அது அவருக்கே ஆச்சரியம். கிரேவி ஜாடியைக் கையில் ஏந்திக்கொண்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார்.

ஒன்று ஐந்து. தெருவில் யாரும் இல்லை.

“கோழை” என்றார். “நான் அப்பவே சொன்னேன். வர மாட்டான். எழுதத்தான் தைரியம்.”

“யாருங்க வரணும்?” என்று கேட்டபடி மேவிஸ் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். நீலப் பட்டுச் சட்டை, கழுத்தில் முத்துமாலை. ஏப்ரன் இல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை ஹெட்லி பார்ப்பது இதுவே முதல் தடவை.

அவள் கதவுக்குப் பக்கத்து நாற்காலியைத் தாண்டினாள். பெரிலைத் தாண்டினாள். தலைமாட்டுக்குப் போனாள். கை வைத்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அட்டையை எடுத்து, எழுத்தை ஒருமுறை ரசித்துப் பார்த்துவிட்டு, நேராக நிமிர்த்தி வைத்தாள். மடித்த துணியைப் பிரித்து மடியில் போட்டுக்கொண்டாள்.

ஹெட்லிக்கு ஒவ்வொன்றாக வந்தது. செவ்வாய், வியாழன். நூலக அட்டை. கில்பர்ட்டின் புத்தகம். அறுவடை விருந்தின் சிரிப்பு. தொப்பி வேண்டாம் என்றது. மேஜை வேண்டவே வேண்டாம் என்றது. ஒரே மடிக்கணினியில் இரண்டு பேரும் சண்டை போட்டது. எல்லாவற்றுக்கும் முன்னால், அந்தச் ‘சரி’.

“ஓ…” என்றார் ஹெட்லி. “மை… காட்!”

“சுருக்கமாவே சொல்லுங்க” என்றாள் மேவிஸ். “கிரேவி ஆறுது.”

அவர் ஊற்றினார். தலைமாட்டில் ஆரம்பித்து எட்டுத் தட்டையும் நோக்கி நகர்ந்தார். ஏழாவது தட்டில்தான் அவருக்குக் கணக்கு உறைத்தது. பிராணியும் மேவிஸும் ஒரே ஆள் என்றால் ஒரு நாற்காலி மிச்சம்.

“அப்ப நான் உக்காரலாமா?”

“தாராளமா” என்றாள் மேவிஸ். “அந்தக் கதவுகிட்ட இருக்கறது என் நாற்காலி. உக்காருங்க.”

ஹெட்லி உட்கார்ந்தார். பெரில் கடுகுச் சாந்து இருக்கிறதா என்று கேட்டாள். ஹெட்லி எழுந்தார். கொண்டுவந்து கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். ஒரு மாப்பிள்ளை தண்ணீர் கேட்டார். ஹெட்லி எழுந்தார்.

மூன்றாவது தடவை உட்காரப் போனபோது தலைமாட்டிலிருந்து குரல் வந்தது. “இன்னும் கொஞ்சம் கிரேவி இருந்தா நல்லாருக்கும்.”

“சரி” என்றார் ஹெட்லி.